800 கலோரி உணவும் அதற்குப் பின் வரும் மாதங்களும்

உடல் பருமனுக்கு, நாளொன்றுக்கு ஏறக்குறைய 800 கலோரி மட்டுமே தரும் மிகக் குறைந்த கலோரி உணவைச் சிகிச்சையாகத் தருவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், முதல் சில வாரங்களில் எத்தனை கிலோ குறைந்தது என்பதிலேயே கவனம் நின்றுவிடுகிறது. அதற்குப் பின் வரும் மாதங்களில்தான் சிகிச்சையின் பெரும்பகுதி இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் டைன்சைடு பகுதியிலும் மருத்துவ ஆய்வாளர்கள் மைக் லீன், ராய் டெய்லர் ஆகியோர் தலைமையில் நடந்த 'டைரக்ட்' ஆய்வில், இன்சுலின் போடாத, நோய் கண்டறியப்பட்டு ஆறாண்டுக்கு மேல் ஆகாத இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகள், மூன்று முதல் ஐந்து மாதங்கள் வரை வழக்கமான உணவை விட்டு, நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி தரும் சூப், ஷேக் (ஊட்டச்சத்துப் பொடி கலந்த பானம்) ஆகியவற்றை மட்டுமே உட்கொண்டனர். 2017 டிசம்பரில் வெளியான ஓராண்டு முடிவின்படி, அவர்களில் 46 விழுக்காட்டினர் நீரிழிவிலிருந்து தணிவு பெற்றிருந்தனர், அதாவது மருந்தே இல்லாமல் அவர்களின் இரத்தச் சர்க்கரை நீரிழிவு அளவுக்குக் கீழே இருந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் அது 4 விழுக்காடு மட்டுமே. பதினைந்து கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களிடம் இது 86 விழுக்காடு. கல்லீரலிலும் கணையத்திலும் தேங்கிய கொழுப்பு வெளியேறுவதே காரணம் என்கிறார் டெய்லர்.

ஷேக்கை நிறுத்திய அன்றே அவர்கள் பழைய தட்டுக்குத் திரும்பிவிடவில்லை. இரண்டு முதல் எட்டு வாரங்களில் உணவு படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. பிறகும் உள்ளூர் மருத்துவமனையின் செவிலியரோ உணவியல் நிபுணரோ தொடர்ந்து சந்தித்தார்கள். எடை மறுபடி ஏறினால் ஷேக்குக்குச் சிறிது காலம் திரும்பவும் வழி இருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் இரண்டாம் ஆண்டில் தணிவு 36 விழுக்காடாகக் குறைந்தது. இதை நோயாளியின் மன உறுதிக் குறைவு என்று சொல்வது அநியாயம். எடை இழந்த உடலில் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் கூடுகின்றன, செலவாகும் ஆற்றல் குறைகிறது. அந்த இழுப்பை எதிர்த்து ஒருவரைத் தனியே நிற்கச் சொல்லக் கூடாது.

தனியே செய்வதில் உயிராபத்தும் உண்டு. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில், தரம் குறைந்த கொலாஜன் புரதத்தாலான திரவ உணவை மட்டுமே நம்பியிருந்தவர்களில் பலர் இதயத் துடிப்புக் கோளாறால் இறந்தார்கள். இன்றைய தயாரிப்புகளில் புரதமும் தாதுக்களும் சரியாக இருந்தாலும், வேகமாக எடை குறைவோருக்குப் பித்தப்பைக் கல் வரக்கூடும். டைரக்ட் ஆய்வில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை உணவு தொடங்கிய நாளிலேயே மருத்துவர்கள் நிறுத்தினார்கள். சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர், மருந்தின் அளவை மருத்துவர் மாற்றாமல் தானாகவே 800 கலோரிக்கு இறங்கினால், இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடலாம்.