தடம் முடிவான பிறகு கேட்கப்படும் ஆட்சேபம்

கோவை இருகூரிலிருந்து பெங்களூருக்கு அருகிலுள்ள தேவனகொந்தி வரை பாரத் பெட்ரோலியம் நிறுவனம் திட்டமிட்ட எண்ணெய்க் குழாயைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், கொங்கு நாட்டுக்கு வெளியே இருக்கும் நண்பர்கள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். நிலத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லையே, மண்ணுக்கு அடியில்தானே குழாய் போகிறது, மேலே வழக்கம்போல் வெள்ளாமை செய்துகொள்ளலாமே, பிறகு எதற்காக இத்தனை எதிர்ப்பு? கேள்வி நியாயமானதுதான். ஆனால் இத்தகைய திட்டங்களை நெறிப்படுத்தும் சட்டங்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்று பார்க்காமல் அதற்கு விடை சொல்ல இயலாது.

அடிப்படைச் சட்டம் 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்கள் சட்டம். இச்சட்டத்தின்படி நிலத்தின் உடைமை கைமாறுவதில்லை. நிலத்துக்கு அடியில் குழாய் பதிக்கும் ‘பயன்பாட்டு உரிமை’ மட்டுமே மத்திய அரசுக்கும், அதன் வழியாக நிறுவனத்துக்கும் போகிறது. பட்டா நம் பெயரிலேயே இருக்கும், வரியையும் நாமே கட்டுவோம். ஆனால் குழாய் செல்லும் அந்த நிலப்பட்டைக்குள் கட்டடம் கட்டக் கூடாது, கிணறோ குட்டையோ வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது என்று சட்டத்தின் 9ஆம் பிரிவு தடை விதிக்கிறது. நெல்லும் கரும்பும் விளையும் சமவெளியில் இந்தத் தடை எவ்வளவு உறைக்குமோ நான் அறியேன். கிணற்றை நம்பியும் தென்னையை நம்பியும் பண்ணையம் செய்யும் எங்கள் பகுதியில், இந்த மூன்றும் இல்லாத நிலத்தைத் தோட்டம் என்று யாரும் அழைப்பதில்லை.

முத்தூர்ப் பக்கம் உறவினர் ஒருவரின் தோட்டத்தில் பழைய குழாய் ஒன்று செல்கிறது. தென்கிழக்கு மூலையில் பொழியை, அதாவது எல்லை வரப்பைத் தாண்டி நுழையும் தடம், தோட்டத்தைக் குறுக்காகக் கிழித்துக்கொண்டு வடமேற்கில் வெளியேறுகிறது. இருபுறமும் தென்னை நெருங்கி நிற்க, நடுவில் மரமே இல்லாத ஒரு வெட்டவெளி நீண்டு கிடக்கிறது. தோண்டக் கூடாது என்னும் எச்சரிக்கை எழுதிய குறியீட்டுக் கற்கள் அதன் ஓரத்தில் நிற்கின்றன. தடம் நேராகப் பொழியோரமாகப் போயிருந்தால் இழப்பு பாதியாகக் குறைந்திருக்கும். குறுக்காகப் போனதால் இரண்டு பக்கமும் முக்கோணத் துண்டுகள் மிஞ்சின. ஒரு துண்டில் கிணறு இருக்கிறது, மறு துண்டில் இல்லை. பாகப்பிரிவினையின்போது கிணறில்லாத துண்டு தமக்கு வேண்டாம் என்று அண்ணன் தம்பி இருவருமே மறுத்தார்கள்.

இழப்பீட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பொதுத்துறை எரிவாயு நிறுவனமான கெயிலின் கொச்சி–பெங்களூரு எரிவாயுத் திட்டத்தில் கோரப்பட்ட பட்டையின் அகலம் 20 மீட்டர். ஒரு தோட்டத்துக்குள் அது 100 மீட்டர் தூரம் ஓடினால் 2,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய அரை ஏக்கர். ஏழரை மீட்டர் இடைவெளியில் நட்ட தென்னை அதில் 35 மரங்கள் வரை இருக்கும். வெட்டப்படும் மரங்களுக்கும் அழியும் பயிருக்கும் தனியாக இழப்பீடு உண்டு. நிலத்துக்கு, அறிவிக்கை வெளியான நாளின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு மட்டும். ஏக்கர் 40 இலட்சம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அரை ஏக்கருக்குக் கிடைப்பது 2 இலட்சம் ரூபாய். அந்தச் சந்தை மதிப்பும் வழிகாட்டி மதிப்பையும் பதிவான கிரயப் பத்திரங்களையும் வைத்தே கணக்கிடப்படுகிறது. பத்திரத்தில் உண்மை விலையைக் காட்டாத வழக்கம் நம்மிடையே ஊறிப்போனது என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. எப்படியிருந்தாலும், பட்டைக்கு வெளியே மிஞ்சும் நிலத்தின் விலை சரிவதற்கும், வாங்க வருபவர் குறியீட்டுக் கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதற்கும் இந்தக் கணக்கில் இடமே இல்லை.

ஆயினும் பணத்தைவிட என்னை வருத்துவது வேறொன்று. ஒரு குழாய் இந்த வழியாகத்தான் போக வேண்டும் என்பதை எவரும் வெளிப்படையாக நியாயப்படுத்த வேண்டிய கட்டம் நம்முடைய நெறிமுறையில் எங்கேயும் இல்லை.

3ஆம் பிரிவின் கீழ் இந்திய அரசிதழில் அறிவிக்கை வெளியாகிறது. அதில் வட்டம், கிராமம், சர்வே எண், பின்னர் ஹெக்டேர், ஏர், சதுர மீட்டர் என்று பரப்பு ஆகியவை நிரல் நிரலாக இருக்கும். அரசிதழ்ப் படிகள் பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்யப்பட்ட நாளிலிருந்து 21 நாட்களுக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கூட்டுப் பட்டாவில் பாதிப் பேர் காலமாகியிருப்பார்கள், மீதிப் பேர் பெங்களூரிலோ வளைகுடாவிலோ இருப்பார்கள். காலமான தாத்தா பெயரில் வரும் அறிவிப்பைப் பேரன் படித்துப் பொருள் புரிந்துகொள்வதற்குள் கெடு முடிந்துவிடும். அப்படியே உரிய காலத்தில் ஆட்சேபித்தாலும், அதை விசாரிக்கும் ‘தகுதியுள்ள அதிகாரி’ அதை ஏற்கலாம் அல்லது தள்ளலாம். அவருடைய ஆணையே இறுதியானது என்கிறது 5ஆம் பிரிவு. அந்த நேரத்தில் தடம் வரையப்பட்டு, அளவை முடிந்து, சர்வே எண்களும் அச்சாகியிருக்கும். அண்டை நிலத்தவருக்கு அறிவிக்கை தராமல் ஒரு தோட்டத்திலிருந்து குழாயை நகர்த்த முடியாது என்பதால், ஓர் ஆட்சேபத்தை ஏற்பது நடைமுறையில் மிகக் கடினம்.

விசாரிக்கும் அந்த அதிகாரி யாராக இருக்க வேண்டும் என்பதை 2016 அக்டோபரில் குஜராத் விவசாயிகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சார்பு நீதிபதிக்குக் குறையாத நீதித்துறைப் பதவியில் இருப்பவராகவோ இருந்தவராகவோ, அல்லது சட்டப் பயிற்சி பெற்றவராகவோ அவர் இருக்க வேண்டும் என்றது. இது பெரிய முன்னேற்றம். அதே தீர்ப்பில் 10 விழுக்காடு இழப்பீடு செல்லும் என்றும் நீதிமன்றம் கூறியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி மற்ற இரண்டு வாயில்களைப் பார்ப்போம். பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. யார் குழாய் பதிக்கலாம், எவ்வளவு கட்டணம் வாங்கலாம், மற்ற நிறுவனங்களுக்கு எவ்வளவு கொள்ளளவைத் திறந்துவிட வேண்டும், எந்தப் பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்ற வேண்டும் என்பவற்றை அது முடிவு செய்கிறது. வாரியம் பார்ப்பது ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போகும் குழாயை. எந்தத் தோட்டத்தின் வழியே என்பது அதன் மேசைக்கு வருவதில்லை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 2006, இத்தகைய குழாய்களுக்கு முன்அனுமதி கேட்பது தேசியப் பூங்கா, சரணாலயம், பவளப்பாறை, சூழல் கூருணர்வுப் பகுதி ஆகியவற்றின் வழியே அவை செல்லும்போது மட்டுமே. பல்லடத்து மக்காச்சோளக் காடும் காங்கேயத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலமும் அந்தப் பட்டியலில் வாரா. முன்அனுமதி தேவையில்லை என்றால் பொதுமக்கள் கருத்துக் கேட்பும் தேவையில்லை. சாயப்பட்டறைப் பூங்காவுக்கும் குவாரிக்கும் கருத்துக் கேட்புக் கூட்டம் நடப்பதைப் பார்த்துப் பழகிய எங்கள் மக்கள், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்லும் குழாய்க்கு அது கிடையாது என்பதை இன்றும் நம்ப மறுக்கிறார்கள்.

மாநில அரசு தலையிட முடியாதா என்ற கேள்விக்கு கெயில் வழக்கு விடை சொல்லிவிட்டது. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களில் ஏறத்தாழ 310 கிலோமீட்டர் தூரத்துக்கு விளைநிலங்களின் வழியே செல்லவிருந்தது அந்தக் குழாய். 2013 மார்ச்சில் தமிழ்நாடு அரசு கோவையில் விவசாயிகளின் கருத்துகளைக் கேட்டது. அடுத்த மாதமே, விளைநிலங்களைக் கைவிட்டு நெடுஞ்சாலை ஓரமாகக் குழாயைக் கொண்டுசெல்லும்படி கெயிலுக்கு அறிவுறுத்தியது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவுறுத்தலை ரத்து செய்தது. 2016 பிப்ரவரி 2ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் மாநில அரசின் மேல்முறையீட்டைத் தள்ளியது. பெட்ரோலியப் பொருட்கள் அரசியலமைப்பின் மத்தியப் பட்டியலில் 53ஆம் இனமாக இருப்பதால், மாநிலத்தின் கை கட்டப்பட்டிருக்கிறது. சட்டப்படி அந்தத் தீர்ப்பில் குறை காண எனக்குத் தகுதியில்லை. ஆனால் கோவையில் திரண்டு வந்து தங்கள் கிணற்றையும் மரத்தையும் பற்றி ஒவ்வொருவராக எடுத்துச் சொன்ன விவசாயிகளின் வாக்குமூலம், அதிகாரமுள்ள எந்த அமைப்பின் முன்னும் சொல்லப்பட்டதாக ஆகவில்லை என்பது என் நெஞ்சில் இன்னும் உறுத்துகிறது.

குழாயே கூடாது என்பவன் நான் அல்லன். 2025 ஜனவரி 3ஆம் நாள் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் சமையல் எரிவாயு டேங்கர் லாரி கவிழ்ந்து வாயு கசிந்தபோது, சுற்றுவட்டாரப் பள்ளிகளை மூட நேர்ந்தது. உயிர்ச்சேதம் இல்லாமல் போனது பெரும் பேறு. எரிபொருளைச் சாலையில் ஓட்டிச் செல்வதைவிடக் குழாயில் அனுப்புவது பாதுகாப்பானது என்பதில் எனக்கு ஐயமில்லை. சாலையோரத்துக்கும் அதன் சிக்கல்கள் உண்டு: விரிவாக்கப் பணிகள், மேம்பாலங்கள், நெருக்கமான கடைவீதிகள். தேவனகொந்தித் திட்டத்தில் இருகூர் முதல் முத்தூர் வரை, ஏற்கெனவே குழாய் செல்லும் தடத்திலேயே புதியதையும் பதிப்பது எளிது என்று நிறுவனம் கருதுவதும், அதே தோட்டங்கள் இரண்டாம் முறையும் சுமப்பது அநீதி, சாலையோரமாகக் கொண்டுபோங்கள் என்று விவசாயிகள் போராடுவதும் இரண்டுமே பேசித் தீர்க்க வேண்டிய வாதங்கள். பேசுவதற்கான இடத்தைத்தான் சட்டம் தரவில்லை. மின்கோபுரங்களாலும் அடிபட்ட தோட்டங்கள் இவற்றில் உண்டு என்பதை நினைக்கும்போது மனம் மேலும் கனக்கிறது.

எரிவாயுக் குழாய்களுக்கான பாதுகாப்பு விதிகளில் எங்கள் நிலத்தின் அமைப்புக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்று இருக்கிறது. குழாயின் இருபுறமும் 200 மீட்டருக்குள், 1.6 கிலோமீட்டர் நீளத்துக்கு எத்தனை குடியிருப்புகள் உள்ளன என்று எண்ணி, பகுதியை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். பத்து வீடுகள் வரை முதல் வகுப்பு. 46 வீடுகளை எட்டினால் மூன்றாம் வகுப்பு. வகுப்பு உயர உயரக் குழாயின் சுவர் தடிமனாக வேண்டும். அடைப்பான்கள் (வால்வுகள்) முதல் வகுப்பில் 32 கிலோமீட்டருக்கு ஒன்று போதும், மூன்றாம் வகுப்பில் 16 கிலோமீட்டருக்கு ஒன்று வேண்டும். கொங்கு நாட்டில் ஊர் என்பது ஓரிடத்தில் திரண்டிருப்பதில்லை. சாளை என்னும் தோட்டத்து வீட்டில் குடியிருப்பதே வழக்கம். மகனுக்குத் திருமணமானால் பக்கத்திலேயே இன்னொரு வீடு எழும். வரைபடத்தில் வெறும் விளைநிலமாகத் தெரிவது காலடி வைத்தால் குடியிருப்பாக இருக்கும். ஆகவே வீடுகளை எண்ணும் பணி செயற்கைக்கோள் படத்தோடு நின்றுவிடக் கூடாது. ஆண்டுகள் செல்லச் செல்ல மீண்டும் எண்ணப்பட வேண்டும். 2014 ஜூன் 27ஆம் நாள் ஆந்திரத்தின் அன்றைய கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் ‘நகரம்’ என்னும் பெயருடைய கிராமத்தில் கெயில் குழாய் வெடித்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஈரம் நீக்கப்படாத வாயுவைச் செலுத்தியதால் குழாய் அரித்துப்போயிருந்தது. விதி இருப்பதும் விதி நடைமுறையில் இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு அந்த ஊர் சாட்சி.

என் கோரிக்கை ஒன்றுதான். 3ஆம் பிரிவு அறிவிக்கைக்கு முன்பே, நிறுவனம் ஆராய்ந்த மாற்றுத் தடங்கள் அனைத்தையும் காரணங்களோடு தமிழில் வெளியிட்டு, ஒவ்வொரு வட்டத்திலும் கருத்துக் கேட்க வேண்டும் என்பதை 1962 சட்டத்திலேயே சேர்க்க வேண்டும். சாலையோரம் இயலாது என்றால், எந்த இடத்தில் எந்தக் காரணத்தால் இயலாது என்று எழுத்தில் சொல்லட்டும். ஏற்கத்தக்கதாக இருந்தால் எங்கள் மக்கள் ஏற்பார்கள். பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்காலுக்கு நிலம் தந்தவர்கள் இந்த மண்ணில்தான் இருக்கிறார்கள்.

அதுவரை, அளவைக்காரர்கள் வந்துபோன பகுதிகளில் இருப்பவர்கள் செய்துகொள்ள வேண்டியவை சில உண்டு. அறிவிக்கை நாளுக்கு முன்பே குடியிருப்பாகப் பயன்பட்ட நிலம், வீட்டை ஒட்டிய இடம், நிரந்தரக் கட்டுமானம் உள்ள நிலம் ஆகியவற்றின் அடியில் குழாய் பதிக்க 7ஆம் பிரிவு இடந்தராது. ஆகவே சாளை, கட்டுத்தரை (மாட்டுத் தொழுவம்), கிணறு, ஆழ்துளைக் கிணறு, மரங்கள் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து, மின் இணைப்பு ரசீதையும் வீட்டு வரி ரசீதையும் சேர்த்து வையுங்கள். கூட்டுப் பட்டாவை இப்போதே உட்பிரிவு செய்து பெயர் மாற்றுங்கள். ஆட்சேபத்தைக் கையில் கொடுத்தால் ஒப்புகை வாங்குங்கள், அஞ்சலில் அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இழப்பீடு குறைவு என்று தோன்றினால், தகுதியுள்ள அதிகாரி நிர்ணயித்த தொகையை எதிர்த்து மாவட்ட நீதிபதியிடம் மனுச் செய்ய 10ஆம் பிரிவு வழிவிடுகிறது. தொகையைப் பெற்றுக்கொள்ளும் தாளில் கையெழுத்திடும்போது, ஆட்சேபத்துடன் பெறுகிறேன் என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.