18 எட்டான அன்று

டிசம்பர், காப்பிப் பழம் பறிக்கிற நேரம். ஏற்காடு நாகலூரில் இருக்கும் அம்மாவுக்குக் காய்ச்சலும் இருமலும். "பனிக்காத்து கண்ணு, மிளகு ரசத்துல சரியாயிடும்" என்று மூன்று நாள் ஓட்டிவிட்டார். நாலாம் நாள் வாசல்படி ஏறவே மூச்சு வாங்கியது. பின் சீட்டில் சாய்த்து உட்காரவைத்து, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் வந்தேன்.

மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனையில் இன்ஃபுளுயன்சா ஏ என்ற வைரஸ் காய்ச்சல். ரத்த ரிப்போர்ட்டில் வெள்ளணு மொத்தம் 3,200, அதில் லிம்போசைட் என்ற வகை 18 சதவீதம், தட்டணு (பிளேட்லெட்) 1.12 லட்சம். தட்டணு குறைவு என்றதும் வீட்டில் எல்லோருக்கும் டெங்கு பயம். டெங்கு இல்லை என்று டெஸ்ட் வந்த பிறகும் சித்தி பப்பாளி இலைச் சாறோடு வந்துவிட்டார். ரத்தம் எடுக்கிற ஊதா மூடிக் குழாயைச் சரியாகக் கலக்காவிட்டால் தட்டணு ஒட்டிக்கொண்டு எண்ணிக்கை குறைவாகக் காட்டுமாம். அதனால் டாக்டர் கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். ஒட்டல் இல்லை, எண்ணிக்கை குறைந்திருப்பது நிஜம்தான். வைரஸ் காய்ச்சலில் இவ்வளவு இறங்குவது உண்டு, ரத்தக்கசிவு இல்லாதவரை பயமில்லை என்றார்.

வைரஸுக்கு ஓசெல்டாமிவிர் மாத்திரை 75 மில்லிகிராம், காலை மாலை, ஐந்து நாள். அம்மாவுக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு என்பதால் கூடவே ஸ்டீராய்டு மாத்திரையும்.

மூன்று நாள் கழித்து வேறொரு லேபில் எடுத்த ரிப்போர்ட் செல்லுக்கு வந்தது. வெள்ளணு 12,600. நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வெள்ளணு வகை 87 சதவீதம். லிம்போசைட் 8. மூன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு எழுத்து. லேபுக்குப் போன் செய்தால் "டாக்டர்கிட்ட கேளுங்க" என்று வைத்துவிட்டார்கள். 18 எட்டாகிவிட்டதே என்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. கூகிளைத் திறந்தது என் தப்பு.

காலையில் டாக்டர் ரிப்போர்ட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டார். 3,200இல் 18 சதவீதம் என்றால் 576. 12,600இல் 8 சதவீதம் 1,008. "சதவீதம்தான் குறைஞ்சிருக்கு சார், ஆள் கூடியிருக்கு." வைரஸ் சளிக்காய்ச்சலில் லிம்போசைட்டுகள் ரத்தத்தை விட்டு நோயுள்ள திசுக்களுக்குப் போய்விடும், சில செத்தும் போகும். அதுதான் முதல் ரிப்போர்ட். இரண்டாவதில் ஏறியது நியூட்ரோஃபில். ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருப்பவற்றை ஸ்டீராய்டு கழற்றி ஓட்டத்தில் விட்டுவிடும். காய்ச்சல் விட்டு, நெஞ்சும் தெளிவாக இருப்பதால் புதுத் தொற்று என்று நினைக்க வேண்டாம் என்றார். இந்த நாலு வரியை ரிப்போர்ட் கொடுத்தவர்கள் சொல்ல மாட்டார்களா? சரி, அது அவர்கள் வேலை இல்லைதான்.

இருமல் மட்டும் மூன்று வாரம் படுத்தியது. அதற்குள் எடுத்த கடைசி ரிப்போர்ட்டில் வெள்ளணு 7,400, லிம்போசைட் 36 சதவீதம். பெருக்கிப் பார்த்தேன், 2,664. தட்டணுதான் 4.6 லட்சம், மேல் வரம்பைத் தாண்டி. அடங்கிக் கிடந்த எலும்பு மஜ்ஜை தொற்றுக்குப் பிறகு தட்டணுவைக் கொஞ்சம் அதிகமாகவே உற்பத்தி செய்யும், தானே இறங்கிவிடும் என்றார்கள்.

"பாத்தியா, எல்லாம் என் பப்பாளி இலைதான்" என்றார் சித்தி. நாங்கள் மறுக்கவில்லை. அந்தச் சாறு முழுக்கப் பின்பக்கத்துக் கறிவேப்பிலைச் செடிக்குத்தான் போனது.