ஹாப்ஸ் போதும், கொஞ்சம் மால்ட் பேசுவோம்

பீர் பற்றி எழுதுகிறவர்கள் பல வருஷமாக ஹாப்ஸை, அதாவது பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூவை, தவிர வேறு எதையும் கண்டுகொள்வதில்லை. எந்த ஐபிஏவில் (ஹாப்ஸ் தூக்கலான பீர் வகை) மாம்பழ வாசனை, எதில் பைன் மர வாசனை, கசப்பு எத்தனை யூனிட், இதே பேச்சு. எனக்கும் அவை பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் குடித்து முடித்த பிறகும் நினைப்பில் தங்குவது எது என்று கேட்டால், குளிர்காலக் கடைசியில் ஜெர்மனிக்காரர்கள் திறக்கிற அந்தக் கனமான, மால்ட் (முளைக்கவைத்து உலர்த்திய பார்லி) மணக்கிற லாகர்கள்தான், அதாவது குளிரில் மெதுவாகப் புளிக்கும் பீர்கள். பொக், டொப்பல்பொக், மைபொக், அப்புறம் இந்தக் குடும்பத்தின் முரட்டுப் பிள்ளையான ஐஸ்பொக்.

'ஸ்ட்ராங் பீர்' என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. நியாயம்தான். சர்க்கரையைக் கொட்டிப் புளிக்கவைத்து, ஆல்கஹாலை மட்டும் ஏற்றி, நாக்கு மரத்துப்போகும் அளவுக்குக் குளிரவைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கவைக்கும் சரக்கு உலகம் முழுக்கக் கிடைக்கிறது. பொக் அந்த ஜாதி இல்லை. ஜெர்மனியில் ஒரு பீர் வலுவானதா என்பதை அது புளிப்பதற்கு முன்பே அளந்துவிடுவார்கள்: ஈஸ்ட் சேர்ப்பதற்கு முன், அந்த மால்ட் கஷாயத்தில் கரைந்திருக்கும் சத்து எத்தனை சதவீதம் என்பதுதான் கணக்கு. சாதாரண வெளிர் லாகரான ஹெல்லஸில் இது 11, 12 இருக்கும். பொக் என்று பெயர் வைக்கக் குறைந்தது 16 வேண்டும், டொப்பல்பொக் என்றால் 18க்கு மேல். பீர் வரியைக்கூட அங்கே இந்த அளவை வைத்துத்தான் போடுகிறார்கள். லாகருக்கு பார்லி மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர் தவிர எதுவும் சேர்க்கக்கூடாது என்பது அங்குள்ள விதி என்பதால், அந்த 18 சதவீதமும் மால்ட்டிலிருந்தே வந்தாக வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

சரி, அந்த மால்ட்டுக்கு என்ன அப்படி ஒரு ருசி? பார்லியை முளைக்கவைத்துச் சூட்டில் உலர்த்தும்போதுதான் எல்லாமே நடக்கிறது. பில்ஸ்னர் என்ற வெளிர் லாகருக்கான மால்ட்டை 80 டிகிரி செல்சியஸ் அளவில் நிறுத்திவிடுவார்கள், அது வெளிறியே இருக்கும். மியூனிக் மால்ட்டை 100 டிகிரி வரை, சமயத்தில் அதற்குக் கொஞ்சம் மேலேயும் கொண்டுபோவார்கள். அந்தச் சூட்டில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து மெய்லார்ட் வினை நடக்கிறது; ரொட்டியின் மேல்தோல் பழுப்பாகி மணப்பதும் இதே வினையால்தான். ஆகவே டொப்பல்பொக்கை முகர்ந்ததும் அடுப்பிலிருந்து இப்போதுதான் எடுத்த ரொட்டி வாசனை வருகிறதே, அது கற்பனை இல்லை. அதற்குப் பின்னால் டாஃபி, உலர்ந்த அத்தி, கறுப்பு உலர்திராட்சை, சில பீர்களில் லேசாக சாக்லேட். கருகிய வாசனை மட்டும் வரக்கூடாது. வந்தால் அது ஸ்டௌட் என்ற கறுப்பு பீர் பக்கம் போய்விட்டது என்று அர்த்தம்.

தெற்கு ஜெர்மனியின் பழைய பவேரிய முறையில் இதற்கு மேலும் ஒரு வேலை உண்டு, டிகாக்ஷன். ஊறுகிற மால்ட் கூழில் ஒரு பகுதியை, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை, தனியாக எடுத்துக் கொதிக்கவைத்து மறுபடி அதே பாத்திரத்தில் ஊற்றுவார்கள். வெப்பமானி இல்லாத காலத்தில் சூட்டைப் படிப்படியாக ஏற்ற இதுதான் நம்பகமான வழி. சிலர் இதை இரண்டு முறை, மூன்று முறைகூடச் செய்வார்கள். இன்றைய மால்ட்டுக்கு இது தேவையே இல்லை, வெறும் நேர விரயம், எரிபொருள் விரயம், நிறமும் மணமும் வேண்டுமென்றால் மெலனாய்டின் என்ற அடர்நிற மால்ட் கொஞ்சம் சேர்த்தால் போதும் என்று வாதிடும் பீர் வடிப்பவர்கள் நிறைய. வாய்க்குத் தெரிகிற வித்தியாசமா என்று அடித்துக்கொள்வார்கள். நான் கொதிக்கவைக்கிறவர்கள் கட்சி. ஆதாரம் கேட்காதீர்கள், வாய் சொல்கிறது.

ஆனால் மால்ட்டைப் புகழ்ந்துவிட்டு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். ஏழு, எட்டு சதவீத ஆல்கஹால் உள்ள ஏலை (லாகரைவிடச் சூட்டில் புளிக்கும் பீர் வகை) எடுத்துக்கொண்டால், உதாரணமாக பெல்ஜிய டப்பல், அதன் ஈஸ்ட் சூட்டில் வேலை செய்து வாழைப்பழம், கிராம்பு, பேரிக்காய் என்று என்னென்னவோ வாசனைகளை உண்டாக்கிவிடும். மால்ட் கொஞ்சம் சொதப்பினாலும் அந்தக் கூட்டத்தில் தெரியாது. லாகர் ஈஸ்ட் 8 முதல் 12 டிகிரிக்குள் மெதுவாகப் புளிக்கும், பிறகு பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில், டொப்பல்பொக் என்றால் மாதக்கணக்கில், சும்மா கிடக்கும். அந்தச் சும்மா கிடக்கும் காலத்தில்தான் கந்தக வாசனை விலகுகிறது, வெண்ணெய் வாசனை போகிறது, ஆல்கஹாலின் எரிச்சல் அடங்குகிறது. மிச்சம் இருப்பது மால்ட் மட்டும். ஒளிந்துகொள்ள இடமே இல்லாத பீர் இது.

அதனால் நல்ல டொப்பல்பொக்கை நான் முதல் வாயில் மதிப்பிடுவதில்லை, விழுங்கிய பிறகுதான் மதிப்பிடுவேன். முதல் வாயில் எல்லாமே இனிப்பாகத்தான் இருக்கும், மோசமானதும்கூட. விழுங்கியதும் அந்த இனிப்பு உதட்டில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு நிற்கிறதா, அல்லது சுத்தமாக விலகி, வாய் லேசாக வறண்டு, ரொட்டி ருசி மட்டும் தங்குகிறதா? இரண்டாவது நடந்தால் அந்த பீரை வடித்தவருக்குத் தொழில் தெரியும். ஹாப்ஸ் இங்கே இருபது சொச்சம் யூனிட் கசப்போடு பின்னால் நின்று முட்டுக்கொடுக்கும், அவ்வளவுதான் அதன் வேலை.

இன்னொன்று, நிறத்துக்கும் வலுவுக்கும் சம்பந்தமே இல்லை. கறுப்பாக இருந்தால் கனமான பீர் என்று நினைப்பவர்களிடம் மைபொக்கைக் கொடுத்துப் பாருங்கள். பொன்னிறம், வெயிலில் மின்னும், 7 சதவீதத்தைத் தொடும். மியூனிக் ஹோஃப்பிரோய்ஹவுஸின் மைபொக் 7.2. வசந்தம் வந்ததும் திறப்பார்கள், கசப்பும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அசந்தால் ஆளைக் கவிழ்த்துவிடும்.

வரலாறு கொஞ்சம். இது பவேரியாவில் பிறந்த பீர் இல்லை. வடக்கே, இன்றைய கீழ் சாக்ஸனியில் உள்ள ஐன்பெக் என்ற ஊர் ஹான்ஸா வணிகக் கூட்டமைப்பில் இருந்தது. தூரப் பயணம் தாங்கவேண்டும் என்பதற்காகவே வலுவாக வடிக்கப்பட்ட அதன் பீர் ஊர் ஊராகப் போனது. 1521இல் வோர்ம்ஸ் சபையில் விசாரணைக்கு நின்ற சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதருக்கு ஒரு குடுவை ஐன்பெக் பீர் வந்தது என்று சொல்வார்கள். பவேரிய அரசவைக்கு இந்த பீர் மேல் அப்படி ஒரு மோகம், வாங்கி வாங்கிக் கஜானா கரைந்தது. இறக்குமதிச் செலவைக் குறைக்க வில்ஹெல்ம் பிரபு 1589இல் மியூனிக்கில் சொந்தமாக ஹோஃப்பிரோய்ஹவுஸைத் தொடங்கினார். அதுவும் போதாமல், அவர் மகன் மாக்ஸிமிலியன் காலத்தில் எலியாஸ் பிக்லர் என்ற ஐன்பெக் நிபுணரையே மியூனிக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். வடக்கத்திப் பாணி தெற்கின் மால்ட்டோடும் குளிர்நொதிப்போடும் கலந்து இன்றைய பொக் ஆனது அதற்குப் பிறகுதான்.

டொப்பல்பொக்கின் கதை துறவிகளுடையது. பதினேழாம் நூற்றாண்டில் மியூனிக்கின் ஆவ் பகுதி மடத்தில் இருந்த பௌலானர் துறவிகள் தவக்கால நோன்பில் திட உணவைத் தொடமாட்டார்கள், நீராகாரம் மட்டும் பரவாயில்லை. எனவே சாப்பாட்டுக்குப் பதிலாகச் சத்து நிறைந்த பீர். இதற்கு அனுமதி கேட்டு ரோமுக்கு ஒரு பீப்பாய் அனுப்பினார்கள், வழியில் அது கெட்டுப்போய்விட்டது, சுவைத்த போப் 'இதைக் குடிப்பதே தவம்தான்' என்று சம்மதித்துவிட்டார் என்று ஒரு கதை சுற்றுகிறது. ரசித்துவிட்டு விட்டுவிடுங்கள். 1799இல் மடம் கலைக்கப்பட்டது. பிறகு ஃப்ரான்ஸ் க்ஸேவர் ஸாக்கெர்ல் என்பவர் ஆலையைக் கைக்கொண்டு சல்வாடோர் என்ற பெயரைப் பிரபலமாக்கினார். அதன்பின் பார்த்தவனெல்லாம் தன் பீரையும் சல்வாடோர் என்றே விற்க, 1890களில் பெயர் வணிகமுத்திரையாகப் பதிவானது. மற்றவர்கள் என்ன செய்தார்கள்? பெயரின் '-டோர்' என்ற வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஐயிங்கர் ஆலையின் செலிப்ராடோர், ஷ்பாட்டனின் ஒப்டிமாடோர், ஔகுஸ்டினரின் மக்ஸிமாடோர், லோவன்பிரோயின் டிரியும்ஃபாடோர்!

தவக்காலம் வந்தால் இன்றும் மியூனிக்கின் நொக்கர்பெர்க் மேட்டில் சல்வாடோர் பீப்பாயைத் திறக்கும் விழா நடக்கிறது. அரசியல்வாதிகளை முன்வரிசையில் உட்காரவைத்து, முகத்துக்கு நேரே கிண்டலடிப்பார்கள், அதைத் தொலைக்காட்சியிலும் காட்டுவார்கள். கிண்டலுக்கு ஆளாகாத அமைச்சருக்குத்தான் வருத்தமாம்.

எதில் தொடங்குவது என்று கேட்டால், சல்வாடோரில் தொடங்குங்கள், 7.9 சதவீதம், செம்பழுப்பு நிறம், இந்த வகைக்கே அதுதான் அளவுகோல். எனக்குப் பிரியமானது அது இல்லை. செலிப்ராடோர் 6.7தான், ஆனால் அடர்கறுப்பு, கொஞ்சம் வறுத்த ருசி, அந்த வறண்ட முடிவு அதில் அருமையாக அமைந்திருக்கிறது. பாட்டில் கழுத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் ஆட்டுக்கடா (ஜெர்மனில் 'பொக்' என்றால் கடா) வேறு தொங்கும், அதைச் சேர்த்துவைக்கும் பெரியவர்கள் உண்டு, பெயர் சொல்லமாட்டேன். வைஹென்ஷ்டெஃபானின் கோர்பினியான் 7.4, இதில் உலர்பழ ருசி அதிகம். அண்டெக்ஸ் மலைமேல் பெனடிக்டின் துறவிகள் இன்னும் சொந்தமாக வடிக்கும் டொப்பல்பொக் டுங்கெல் இவற்றிலேயே மென்மையானது.

ஐஸ்பொக் தனி ரகம். பீரை உறையவைத்து, பனிக்கட்டியாகும் தண்ணீரை நீக்கிவிட்டால் மிஞ்சுவது செறிந்த கரும் திரவம். குல்ம்பாக்கில் ஒரு பயிற்சிப் பையன் கடுங்குளிரில் பீப்பாய்களை உள்ளே எடுத்துவைக்க மறந்ததால் இது பிறந்தது என்பது அங்கே வழங்கும் கதை. குல்ம்பாக்கர் ஐஸ்பொக் 9.2 சதவீதம். உறையவைக்காமலே இதைத் தாண்டிப்போன ஆளும் உண்டு, சாமிக்லௌஸ். 1979இல் சூரிச்சில் தொடங்கி, இப்போது ஆஸ்திரியாவின் எக்கென்பெர்க் ஆலையில் வருஷத்தில் ஒரே நாள், டிசம்பர் 6 அன்று வடிக்கப்பட்டு, சுமார் பத்து மாதம் கிடந்து 14 சதவீதத்தில் வெளிவருகிறது. அதை மரியாதையாகச் சின்னக் கிளாஸில் குடிப்பேன், ஆனால் ஏங்கிக் குடித்ததில்லை. அது பீரின் எல்லையைத் தாண்டி மதுரசம் பக்கம் போய்விட்டது.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு குடிக்காதீர்கள், இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். 4 டிகிரியில் மால்ட் வாயைத் திறக்காது, ஆல்கஹாலும் இனிப்பும் மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். பத்துப் பதினைந்து நிமிஷம் வெளியே வைத்து 8, 10 டிகிரி வந்ததும் ஊற்றுங்கள். கிளாஸ் பாதி காலியாகும்போது 12 டிகிரியைத் தொட்டிருக்கும், பெரும்பாலும் அந்தப் பாதியில்தான் அத்திப்பழ ருசி எட்டிப்பார்க்கும். பாட்டிலோடு வாய் வைத்துக் குடித்தால் இதெல்லாம் வீண். அரை லிட்டர் சல்வாடோரில் சுமார் 31 கிராம் ஆல்கஹால், சாதாரண பீர் ஒன்றரைக்குச் சமம். ஒன்றோடு எழுந்துவிட வேண்டும், இரண்டாவதைக் கேட்கவைப்பதுதான் இதன் குறும்பு.

கறுப்பு டொப்பல்பொக்கை இருட்டான குளிர்ந்த இடத்தில் ஒரு வருஷம், அதற்கு மேலும் வைக்கலாம், உலர்திராட்சை ருசி கூடும், லேசாக ஷெர்ரி ஒயின் வாசனையும் வரும். மைபொக்கை அப்படி வைக்காதீர்கள், புதிதாகவே குடித்துவிடுங்கள், பழசானால் ஈர அட்டை வாசனைதான் மிச்சம். சேர்த்துவைக்க ஒன்றே ஒன்று வாங்கலாம் என்றால் பாம்பெர்க்கின் ஷ்லெங்கர்லா ஆலை கிறிஸ்துமஸுக்கு வடிக்கும் ஐஹெ என்ற டொப்பல்பொக்கை வாங்குவேன்: 8 சதவீதம், ஓக் மரப் புகையில் உலர்த்திய மால்ட். அவர்களுடைய வழக்கமான பீச் மரப் புகை பீரை 'பன்றித்தொடை வறுவலைக் குடிப்பது போல' என்று ஒதுக்குகிற நண்பர்கள் இதை மட்டும் அமைதியாகக் காலி செய்கிறார்கள். ஓக் புகை கொஞ்சம் மிருதுவானது, அடியில் டொப்பல்பொக்கின் இனிப்பு தாங்கிப்பிடிக்கிறது. ஐந்து வருஷம் வைத்தால் அந்தப் புகை எவ்வளவு அடங்கும் என்று பார்க்கத்தான் ஆசை, அதற்கு முதலில் எவனாவது அதைத் திறக்காமல் விட்டுவைக்க வேண்டும்.