உள்ளே துணி விடாத ஊர்

போன வாரம் ஒரு கவுனை உள்பக்கம் திருப்பிப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. விலாப் பக்கம் லேசாகப் பிடிக்கிறது, ஒரு தையலைப் பிரித்துவிட்டால் சரியாகிவிடும், இதற்கெல்லாம் யாரிடமும் போகவேண்டாம் என்று சின்னக் கத்தரியோடு உட்கார்ந்தேன். பிரிக்க ஒன்றுமே இல்லை. ஓவர்லாக் அடித்த ஓரம், அதை ஒட்டியே தையல், இரண்டுக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டர்கூடத் தேறாது. சரி, தொழில் தெரிந்தவர்கள் ஏதாவது வழி வைத்திருப்பார்கள் என்று தெருமுனையில் இருக்கிற ஆல்ட்ரேஷன் கடைக்கு எடுத்துப் போனால், அங்கிருந்த அம்மாள் சிரித்தே விட்டார். சின்னதாக்கித் தரலாம் மதாம், நீளம் குறைக்கலாம், பெரிசாக்கத் துணிக்கு எங்கே போவது? அப்புறம் ரொம்பக் கனிவாக, அடுத்த சைஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அந்தக் கனிவுதான் சுருக்கென்று தைத்தது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அப்போது ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரம். "இன்னாடி இது, அவ்ளோ காசு குடுத்து வாங்குற துணி, உள்ள ஒரு இஞ்சு விடமாட்டானா? நம்ம பாய் இப்படிப் பண்ணியிருந்தா கடைக்கே போய்ச் சண்டை போட்டிருப்பேன்" என்றார். பாய் என்றால் எங்கள் ஊர்த் தையல்காரர். அவர் அப்படிப் பண்ணமாட்டார், அது அம்மாவுக்கும் தெரியும்.

நான் இருப்பது பாரிசுக்கு வடக்கே சார்செல். இங்கே புதுச்சேரிக்காரர்களுக்குப் பஞ்சமில்லை, கருவேப்பிலைக்கும் பஞ்சமில்லை. என் மாமனாரின் அப்பா 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாய், அந்த வழியில் அவர்கள் குடும்பம் இங்கே வந்தது, கல்யாணத்தின் வழியில் நான் வந்தேன். வருவதற்கு முன் ஊரில் அலியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சு படித்தேன். உடைப் பாடத்தில் ரோப் என்றால் கவுன், ஜூப் என்றால் பாவாடை, பந்தலோன் என்றால் பேண்ட், ஷெமீஸ் என்றால் ஆம்பளைச் சட்டை என்று படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். துணி வாங்க இது போதும் என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறியாயிற்று. இங்கே கடைக்குள் நுழைந்தால், வெறும் ரோப் என்று ஒரு துணிகூடக் கிடையாது. ரோப் த்ரபேஸ், ரோப் போர்த்ஃபாய், ரோப் ஷெமீஸ், தாய் ஓம்பீர் என்று ஒவ்வொன்றுக்கும் பட்டப்பெயர்.

போகப் போகத்தான் இவையெல்லாம் பழைய ஆட்கள் என்று பிடிபட்டது. த்ரபேஸ் என்பது நம் ஏ லைன் குர்த்திதான். மேலே ஒட்டி, கீழே போகப் போக விரியும். ஏ லைன் என்ற பெயரை 1955-இல் தியோர் வைத்தார், மூன்று வருஷம் கழித்து அதே நிறுவனத்துக்காக ஈவ் சான் லோரான் இன்னும் கொஞ்சம் விரித்து த்ரபேஸ் ஆக்கினார். ஓம்பீர் என்றால் இடுப்புக்கோடு இடுப்பில் இல்லாமல் மார்புக்கு நேர் கீழே ஏறி நிற்கும். நெப்போலியன் பேரரசன் ஆன காலத்து மோஸ்தர், ஓம்பீர் என்றால் பேரரசு, அதனால் அந்தப் பெயர். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, நம் அனார்கலியின் மேல்பாதி. வயிற்றை மறைக்க இதைவிட நல்ல வெட்டு கிடையாது, நெப்போலியனுக்கு அதற்காகவாவது ஒரு நன்றி. கழுத்து ஓரத்தில் வட்டமாகப் படுத்துக்கிடக்கும் காலருக்குக் கோல் குலோதீன் என்று பெயர் எழுதியிருந்தது, அது ஸ்கூல் யூனிஃபார்மில் எங்களைப் பாடாய்ப்படுத்திய பேபி காலர். மான்ஷ் பலோன் நம் பஃப் கை. கழுத்திலிருந்து அக்குள் வரைக்கும் சாய்வாகத் தையல் போகும் கைக்கு ரக்லான். வாட்டர்லூ போரில் வலது கையை இழந்த ஒரு ஆங்கிலேயப் பிரபுவின் பெயராம். ஊரில் இதைப் பனியன் கை என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம்.

போட் நெக்கைப் பார்த்தபோது மட்டும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஒரு தோளிலிருந்து மறு தோள் வரைக்கும் கிட்டத்தட்ட நேர்க்கோடாக ஓடும் கழுத்து, இங்கே கோல் பத்தோ. பிரெஞ்சுக் கடற்படை 1858-இல் மாலுமிகளுக்குச் சீருடை ஆக்கிய அந்தக் கோடு போட்ட பனியனில் இருப்பது இதே கழுத்துதான். இப்போது புதுச்சேரி ராக் பீச்சுக்கு வருகிற சுற்றுலாக்காரர்கள் பாதிப் பேர் அதே கோட்டுப் பனியனோடுதான் செல்ஃபி எடுக்கிறார்கள். அதே கழுத்தைப் பட்டு ஜாக்கெட்டில் வைத்து, பின்னால் பொட்டு பட்டன் போட்டு, ஓரத்தில் பைப்பிங் கொடுத்து எங்கள் பாய் எத்தனை கல்யாணத்துக்குத் தைத்திருப்பார்! அவருக்குக் கடற்படையும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவசியமில்லை.

இந்தச் சொற்களெல்லாம் எனக்குப் பழகிவிட்டன. ஊரிலிருந்து புதிதாக வருகிற பெண்களை இப்போது கடைக்குக் கூட்டிப்போவது நான்தான். 38 என்று பார்த்தால் ஏமாறாதே, நம் ஊர் 38 மார்புச் சுற்று அங்குலம், இந்த ஊர் 38 டேப்பில் எங்கேயும் வராத எண், ஏறக்குறைய நம் முப்பத்தைந்து அங்குலம் வரும், அதே துணியை ஜெர்மனியில் 36 என்பான், இங்கிலாந்தில் 10 என்பான், இத்தாலியில் 42 என்பான் என்று ஒரு சொற்பொழிவே வைத்திருக்கிறேன். தாய் என்றால் இங்கே சைஸுக்கும் அதுதான், இடுப்புக்கும் அதுதான், தாய் ஓத் என்று போட்டிருந்தால் பெரிய சைஸ் என்று எடுத்துவிடாதே, இடுப்பு மேலே ஏறி நிற்கிற பேண்ட் என்று அதையும் சேர்த்துச் சொல்வேன். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு டிரையல் ரூம் வாசலில் நிற்கும்போது, உள்ளே அந்தப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜிப் ஏற்றுகிற சத்தம் கேட்கும். உடனே நான் முத்தியால்பேட்டைக்குப் போய்விடுவேன்.

பாய் கடை பத்துக்கு எட்டு இருந்தால் அதிகம். முன்னால் ஒரு மிஷின், பின்னால் கட்டிங் டேபிள், சுவரில் கம்பியில் குத்திய பில் கட்டு. உள்ளே வரச் சொல்லாமல் வாசலிலேயே துணியை வாங்குவார், ஓரத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி பில்லோடு ஸ்டேப்ளர் போட்டு ஒரு பாதியை நமக்குக் கொடுப்பார். அளவு எடுப்பது எப்போதாவதுதான். அளவு ஜாக்கெட் கொடுத்தால் போதும். அதைப் பல்லால் கடித்துப் பிடித்தமாதிரி இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்து, ஷோல்டர், ஆம்ஹோல், கை நீளம், கை சுற்று, முன்கழுத்து இறக்கம், பின்கழுத்து இறக்கம் என்று முணுமுணுத்தபடி நோட்டில் எழுதுவார். பின்கழுத்தை எவ்வளவு இறக்குவது என்பது மட்டும் அம்மாவுக்கும் எனக்கும் நடக்கும் பஞ்சாயத்து. பாய் தலையைத் தூக்காமல், "அம்மா சொன்னது ஏழு, பாப்பா கேக்குறது ஒன்பது, எட்டா வெச்சிடறேன்" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்.

அப்புறம் வருகிற வசனத்துக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். படி இறங்கும்போது அம்மா திரும்பி, "பாய், உள்ள கொஞ்சம் விட்டு வையுங்க" என்பார். "விட்டிருக்கேம்மா, கல்யாணம் ஆகி ரெண்டு புள்ள பெத்தாலும் பிரிச்சுக்கலாம்." வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு நடுத்தெருவில் பேசுகிற பேச்சா என்று அப்போது கோபம் கோபமாக வரும். தைத்து வந்த ஜாக்கெட்டைத் திருப்பினால் இரண்டு விலாவிலும் ஒரு அங்குலத்துக்கு மேல் துணி மடங்கி நிற்கும், அதில் மூன்று வரிசைத் தையல். முதல் வரி இன்றைக்கு. அடுத்தது தீபாவளிப் பலகாரம் ஏறியதற்கு. மூன்றாவது பாய் சொன்னதற்கு. ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே போகலாம், அம்மாவின் கல்யாணப் பட்டு ஜாக்கெட்டை என் வளைகாப்பு வரைக்கும் அவரே போட்டிருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஏன் அப்படி இல்லை என்பதற்குக் காரணம் தெரியாமல் இல்லை. ஃபேக்டரியில் ஆயிரக்கணக்கில் வெட்டும்போது விலாவுக்கு ஒரு அங்குலம் விட்டால் அவ்வளவு துணி வீணாம். ஓவர்லாக் மிஷின் தைக்கும்போதே ஓரத்தை நறுக்கிக்கொண்டே போகும், அதற்குக் கத்தி உண்டு. சைஸ் வரிசையாகத் தொங்கும்போது பிரிக்கிற வேலை யாருக்கு? எல்லாம் நியாயம்தான். புதுச்சேரி ரோடியர் மில்லில் நெசவுப் பிரிவில் இருந்த என் தாத்தாவிடம் இந்த நியாயத்தைச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று மட்டும் யோசிப்பேன். 1898-இல் தொடங்கிய மில், 2020-இல் மூடிவிட்டார்கள். துண்டுத் துணியைக்கூட வீட்டில் யாரையும் குப்பையில் போட விடமாட்டார், தலையணை உறையாவது ஆகணும். ஆக, வீணாக்கக்கூடாது என்று இவர்களும் சொல்கிறார்கள், தாத்தாவும் சொன்னார். இவர்கள் மிச்சம் பிடிக்கிற துணியால் என் கவுன் வீணாகிறதே, அது கணக்கில் வராதா?

தையல்காரரே இல்லாத ஊர் என்று பொய் சொல்லக்கூடாது. பாரிசில் லா ஷப்பேல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகளில் தைக்கிறார்கள். முதல் தடவை போய், "ஜாக்கெட் தைக்கணும்க்கா" என்றேன். "ஜக்கெற்றோ? குளிருக்குப் போடுறதோ? அது இஞ்ச தைக்கிறேல்லை தங்கச்சி, எதிர்க்கடையில வாங்கலாம்" என்றார் அந்த அக்கா. பிளவுஸ் என்று சொன்னதும் இருவருக்கும் சிரிப்பு. நன்றாகவே தைத்துக் கொடுத்தார், உள்ளேயும் விட்டிருந்தார். ஆனால் புடவை கட்டுகிற நாட்கள் இங்கே எத்தனை வரும்? குளிரில் வேலைக்குப் போகிற உடைக்குத்தானே நான் அல்லாடுகிறேன்.

அதற்கு வழி கிடைத்தது பக்கத்திலேயே, ஷத்தோ ரூழில். ஆப்பிரிக்கத் துணிக் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற இடம், பளிச்சென்ற வாக்ஸ் துணி சுவர் முழுக்க, இடுக்குகளில் தையல் மிஷின்கள். ஒரு செனகல்காரர், கழுத்தில் டேப், காதில் சாக்பீஸ். துணியைக் கொடுத்ததும் ஓரத்தைக் கிள்ளிப் பார்த்தார் பாருங்கள், அந்தக் கிள்ளலிலேயே இவர் நம்ம ஆள் என்று தெரிந்துவிட்டது. உள்ளே விட்டு வையுங்கள் என்று பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று நான் திணறிக்கொண்டிருக்க, அவரே இரண்டு விரலை அகட்டிக் காட்டி, இவ்வளவு விடட்டுமா என்றார். வீட்டுக்கு வந்து மாமனாரிடம் சொன்னபோது, அந்தக் காலத்தில் நம் புதுச்சேரியில் நெய்து அவுரியில் முக்கிய நீலத்துணி கப்பல் கப்பலாக செனகலுக்குத்தான் போனது, கினே என்று பெயர், அங்கே அதைக் கொடுத்துத்தான் கோந்து வாங்கினார்கள், பணத்துக்குப் பதில் துணி, என்று ஒரு மணிநேரம் பேசினார். ஓய்வு பெற்ற சொல்தா மகனுக்கு விஷயம் கிடைத்துவிட்டால் அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு அந்த இடுக்குக் கடைக்குப் போகும்போதெல்லாம் மனசுக்குள் அவரையும் பாய் என்றே கூப்பிடுகிறேன்.

ரெடிமேடில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, போர்த்ஃபாய். முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றி விலாவில் நாடாவால் முடிச்சுப் போடுகிற கவுன். நாம் மிஷன் வீதியில் வாங்கிக் கட்டிய ரேப் அரவுண்ட் பாவாடைக்கு மேல்சட்டை முளைத்தால் இது. கொஞ்சம் தளர்த்தினால் தளரும், இறுக்கினால் இறுகும், பொங்கலுக்கு முன்னும் பின்னும் ஒரே கவுன். ஜனவரியிலும் ஜூன் கடைசியிலும் சோல்து வரும்போது முதலில் இதைத்தான் தேடுகிறேன். சோல்து என்றால் ஆடித் தள்ளுபடிதான், ஆனால் சட்டப்படி தேதி குறித்து நாலு வாரம்தான் நடத்தவேண்டும். ஆடியையே அரசாங்கம் கையில் எடுத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? கூட்டமும் இடியும் மட்டும் நேரு வீதி மாதிரியே இருக்கிறது, ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்துவிட்டுப் பர்தோன் சொல்கிறார்கள்.

நான் செட்டில் ஆகிவிட்டேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு பால் வாங்கக் கீழே இறங்க முடியாது என்பதைத் தவிரப் பெரிய குறை ஒன்றும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குப்பை போடத்தானே என்று நைட்டியோடு லிஃப்டில் இறங்கினேன், மூன்றாம் மாடி பாட்டி, உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டு மதியம் சூப் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனசு. சூப்பில் உப்புத்தான் இல்லை.

இப்போது கொழுந்தனார் குடும்பம் ஊருக்குப் போகிறது. இரண்டு புடவை, நாலு ஜாக்கெட் துணி, அளவு ஜாக்கெட் எல்லாம் அவர்கள் பெட்டியில் ஏற்றிவிட்டேன். அதோடு, இறுக்கிப் பிடிக்கிற அந்தக் கவுனையும். விலாவில் வேறு துணி ஒட்டுக் கொடுத்து, மேலே பைப்பிங் வைத்து மறைக்க முடியுமா என்று வீடியோ காலில் பாயிடம் காட்டினேன். முடியுமாம், கான்ட்ராஸ்ட் கலரில் பட்டி வைத்தால் டிசைன் மாதிரியே தெரியுமாம். ஆனால் தீபாவளி முடியட்டும் என்கிறார். ஆயுத பூஜையோடு துணி வாங்குவதை நிறுத்திவிட்டாராம், பிரான்சிலிருந்து வந்தாலும் சரி, கடலூரிலிருந்து வந்தாலும் சரி, எல்லாருக்கும் ஒரே பதிலாம். அம்மா போய் ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும். சொல்கிறேன் என்றிருக்கிறார், அதற்குக் கூலியாக ஒரு போர்த்ஃபாய் தனக்கும் வேண்டுமாம், முழுக்கை வைத்து.