டோக்கியோவில் வாள் பயில டோஜோ தேடுவது

இணையத்தில் 'கட்டானா வகுப்பு', அதாவது ஜப்பானிய வாள் வகுப்பு, என்று தேடினால் டோக்கியோவில் முதலில் வந்து விழுவது சுற்றுலாக்காரர்களுக்கான 'சாமுராய் அனுபவம்'தான். வாடகை உடை, ஒன்றிரண்டு மணி நேரம், கடைசியில் ஒரு படம். பொழுதுபோக்குக்குச் சரி. டோஜோ எனப்படும் பயிற்சிக்கூடத்தில் தொடர்ந்து கற்க நினைப்பவர் முதலில் எதைக் கற்பது என்று முடிவு செய்ய வேண்டும். கவசம் அணிந்து ஷினாய் எனும் மூங்கில் வாளால் எதிராளியோடு மோதுவது கெண்டோ. வாளை உறையிலிருந்து உருவி, வெட்டி, திரும்ப உறையிலிடும் முறைகளைத் தனியாகப் பழகுவது இயாய்டோ. மரவாளோடு இருவராக 'கதா', அதாவது முன்கூட்டியே வகுத்த அசைவு வரிசை, செய்யும் கென்ஜுட்சு பெரும்பாலும் கொரியூ எனப்படும் பழைய மரபுகளிடம் இருக்கிறது.

கெண்டோவுக்கும் இயாய்டோவுக்கும் நேர்வழி, 1952இல் உருவான அகில ஜப்பான் கெண்டோ சம்மேளனம். அதன்கீழ் டோக்கியோ சங்கம், அதற்கும் கீழே வார்டு சங்கங்கள். நாம் போய் நிற்க வேண்டியது வார்டு சங்கத்திடம். நம்மவர்கள் அதிகம் குடியிருக்கும் நிஷி கசாய் என்றால் எடோகாவா வார்டு. பயிற்சி பெரும்பாலும் வார்டு விளையாட்டுக் கூடத்தில் நடக்கும், கட்டணமும் தனியார் பள்ளிகளைவிடக் குறைவு. தொடக்கநிலை வகுப்பு அறிவிப்புகளுக்கு வார்டு அலுவலகச் செய்தி இதழைப் பார்த்துவர வேண்டும். மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லையென்றால் மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நிர்வாகம் செய்பவர்கள் வேலை முடிந்து வரும் தன்னார்வலர்கள். தொலைபேசியில் 'கெங்காக்கு', அதாவது பார்வையிட, அனுமதி கேட்பதே வேகமான வழி.

பார்வையிடும் நாளில் பயிற்சி தொடங்கும் முன்பே போய், நுழையும்போது குனிந்து வணங்கி, சுவரோரம் உட்கார்ந்து முழு வகுப்பையும் பார்க்க வேண்டும். கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. வெட்டின் அழகைவிட முக்கியமானவை வேறு. இயாய்டோவில் வாளை உருவும் முன் மெகுகியைத் தொட்டுப் பார்க்கிறார்களா? கைப்பிடியில் அலகைப் பிடித்து வைக்கும் சின்ன மூங்கில் ஆணி அது. தளர்ந்தால் வீச்சில் அலகே கழன்று பறக்கும். கெண்டோவில் ஷினாயின் நான்கு மூங்கில் பட்டைகளிலும் சிம்பு எழும்பியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார்களா? பிளந்த சிம்பு முகக்கவசக் கம்பிகளுக்கு நடுவே கண்ணுக்குள் போய்விடும். இந்த இரண்டிலும் அலட்சியமான டோஜோவுக்கு நான் யாரையும் அனுப்ப மாட்டேன்.

ஆசிரியரின் 'தான்' எனப்படும் தேர்ச்சிப் படிநிலையையும் கேட்கலாம், தவறில்லை. சம்மேளன விதிப்படி எட்டாம் 'தான்' தேர்வுக்கு ஏழாம் 'தான்' பெற்றுப் பத்தாண்டுகள் ஆகியிருக்க வேண்டும், வயதும் 46 ஆகியிருக்க வேண்டும். முப்பதுகளில் ஒருவர் எட்டாம் 'தான்' என்றால் அது வேறேதோ அமைப்பின் பட்டம். எந்த அமைப்பு என்று விசாரியுங்கள்.

சேர்ந்ததும் பணத்தைக் கொட்ட வேண்டாம். கெண்டோவில் முதல் சில மாதங்களுக்குக் கவசம் தேவைப்படாது. ஷினாயும் வசதியான உடையும் போதும். வயதுவந்தோருக்கான ஷினாய் 120 சென்டிமீட்டருக்கு மிகாது. இயாய்டோவில் மரவாளோடு தொடங்கலாம். கூர் இல்லாத உலோகக் கலவை வாளைத் தானாக வாங்கி வருபவர்தான் அதிகம் சிக்கிக்கொள்கிறார். நீளத்தை உயரத்தோடு கைநீளத்தையும் மரபையும் பார்த்து ஆசிரியரே சொல்வார். நீளம் கூடினால் முனை உறைவாயில் சிக்கும், உருவ இடுப்பைக் கோணலாகத் திருப்ப வேண்டிவரும், அந்தக் கோணல் பிறகு போகவே போகாது. இடதுகைப் பழக்கமுள்ளவரும் வாளை இடப்பக்கம் செருகி வலக்கையால்தான் உருவ வேண்டும். முழங்கால் வலி உள்ளவர் முன்பே சொல்லிவிட வேண்டும். சம்மேளனத்தின் 12 இயாய் முறைகளில் முதல் மூன்று செய்சாவில் மண்டியிட்டுத் தொடங்குபவை, நான்காவதும் உட்கார்ந்த நிலை, மற்ற எட்டும் நின்றபடி. ஹகாமா எனும் அகலக் கால்சட்டைக்குள் மெல்லிய முழங்கால் பட்டை போட்டுக்கொள்ளலாம்.

கொரியூ வேறு உலகம். சீபா மாகாணத்தின் கதோரி ஷிந்தோ ரியூவில் சேருபவர் ரத்தக் கைநாட்டு வைத்து உறுதிமொழி தர வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு மரபுகளில் பயில்வதைப் பல ஆசிரியர்கள் ஏற்பதில்லை. பிப்ரவரியில் நிப்பொன் பூடோகானிலும் நவம்பர் 3 அன்று மெய்ஜி கோயிலிலும் நடக்கும் கொபுடோ, அதாவது பழைய போர்க்கலை, நிகழ்ச்சிகளில் பல மரபுகளை ஒரே நாளில் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

கூர் இல்லாத வாளையும் காரணமின்றி வெளியே எடுத்துப் போவது ஜப்பானில் சட்டப்படி குற்றம். பயிற்சிக்குப் போவது ஏற்கத்தக்க காரணம்தான், ஆனால் வாள் மூடிய பையில் இருக்க வேண்டும். போகிற வழியில் நண்பர்களுக்கு உருவிக் காட்டக் கூடாது. பின்னாளில் உண்மையான வாள் வாங்கினால் பதிவுச் சான்று எப்போதும் வாளோடு இருக்க வேண்டும். உரிமையாளர் மாறியதை 20 நாட்களுக்குள், அந்தச் சான்றை வழங்கிய மாகாணத்தின் கல்விக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும்.