சிரப் போத்தலில் இருந்த சீனி

மகனின் வலிப்புக்காக டொக்டர் சொன்ன, மாச்சத்தைக் குறைக்கும் உணவு தொடங்கி ஒன்பது நாள். ஒரு பருக்கை சோறு இல்லை, பிட்டு இல்லை, பிஸ்கட் இல்லை. காலையும் மாலையும் மகனின் சிறுநீரில் கீட்டோன் பட்டியை நனைத்து, 15 விநாடி எண்ணி, போத்தலில் ஒட்டியிருக்கும் நிறக் கட்டங்களோடு வைத்துப் பார்ப்பேன். மாச்சத்துக் குறைந்து உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கினால் சிறுநீரில் கீட்டோன் வரும், பட்டி ஊதாவாகும். ஊதாவாக மாற வேண்டிய பட்டி வெளிறியபடியே இருக்கும். பத்தாம் நாள் காலை என் அம்மாவைப் பார்த்துச் சத்தம் போட்டுவிட்டேன். "எனக்குத் தெரியாம நீங்கதான் அவனுக்குச் சோறு தீத்துறீங்க." அம்மா பதில் சொல்லவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்வளவுக்குப் போய்விட்டார்.

அம்மா ஒரு பருக்கை கூடக் கொடுக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அறுக்கிறது. இதே உணவுமுறையில் பிள்ளையை வைக்கப்போகிற வேறொரு தாய்க்கு இப்படி நடக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

மகனுக்கு ஆறு வயது. நின்றுகொண்டிருப்பான், சொடுக்கென்று தலை முன்னால் விழும், சில வேளை ஆளே விழுந்துவிடுவான். மூன்று மருந்து மாற்றியும் ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து தடவை வந்தது. நெற்றித் தழும்பு காயும் முன்னமே அடுத்த காயம். மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு மாச்சத்தை நன்றாகக் குறைத்து கொழுப்பைக் கூட்டும் உணவு உதவும் என்று கொழும்பில் பெரிய டொக்டர் சொன்னார். மெலிவதற்காக ஆட்கள் பிடிக்கும் கீட்டோவை நினைத்துவிட வேண்டாம். இது 1921 இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் வலிப்புக்கென்றே தொடங்கிய வைத்தியம். அதைச் சற்று இலகுவாக்கி 2003 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியர்கள் வெளியிட்ட முறைதான் எங்களுக்குத் தந்தது. இந்த உணவில் வைக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறையும், மூன்று மாதம் பார்ப்போம், சரிவராவிட்டால் விட்டுவிடலாம் என்றார்.

ஒரு நாள் முழுவதற்கும் 10 கிராம் மாச்சத்து. 100 கிராம் சோற்றில் மட்டும் 28 கிராம் இருக்கிறது. அரிசி, கோதுமை, குரக்கன், சோளம் எல்லாம் போச்சு. கிழங்கும் சீனியும் போச்சு. பருப்பைக்கூட அளந்துதான்.

என் மகன் சாப்பிட்டது என்ன? வெள்ளைச் சோறு, அப்பளம், சீனி போட்ட பிட்டு, கொஞ்சம் பருப்பு. வேறொன்றும் இல்லை. சோற்றில் கறி பட்டால் கோப்பையைத் தள்ளிவிடுவான். வாவிக்கரை ஊரில் பிறந்தும் மீன் வாசம் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவான்.

உணவுத் திட்டத்தைக் கையில் வாங்குவதற்கே இரண்டு தடவை கொழும்புக்குப் போனோம். மட்டக்களப்பிலிருந்து ரயிலில் 300 கிலோமீட்டருக்கு மேல். வலிப்புள்ள பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இரவு முழுக்க முழித்திருந்து போனால், மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் ஈஈஜி அறிக்கையின் மூலப்பிரதி வேண்டும், கொப்பி செல்லாது என்று மேசையில் இருந்தவர் திருப்பி அனுப்பினார். மூலப்பிரதி வீட்டு அலுமாரியில் கிடந்தது. இரண்டாம் தடவை எல்லாப் பத்திரமும் இருந்தது, போசணைப் பிரிவில் அன்றைக்கு ஆள் லீவு. கெஞ்சி அழுததற்கு ஒரு தாதி இரக்கப்பட்டு அச்சடித்த தாள் ஒன்றைத் தந்து, மிச்சத்தைத் தொலைபேசியில் கேட்கச் சொன்னார். முழுக்க ஆங்கிலம். சீஸ், பேக்கன், ஒலிவ் எண்ணெய், கிரீம். தேங்காய் என்ற சொல்லே அதில் இல்லை. போகும் முதல் நாள் போன் எடுத்து, யாரைப் பார்க்க வேண்டுமோ அவர் வருவாரா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மூலப்பிரதிகளை ஒரு பைலில் போட்டு அந்தப் பைலை ரயில் டிக்கெட்டோடு சேர்த்து வையுங்கள்.

இரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் மட்டக்களப்பிலேயே எடுத்து முடித்தோம். கொழுப்பைச் சக்தியாக மாற்ற முடியாத சில பிறவி நோய்கள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு இந்த உணவு உயிராபத்து. அதனால் அந்தப் பரிசோதனைகளைத் தவிர்த்துவிட்டு, நான் எழுதியதைப் பார்த்து யாரும் வீட்டில் தாமாகத் தொடங்கிவிடாதீர்கள்.

தொடங்கினோம். முதல் கிழமை முட்டை வெள்ளைக்கரு, மா படாமல் பொரித்த கோழி, தேங்காய்ச் சொட்டு, அவ்வளவுதான் உள்ளே போனது. சோறு கேட்டு அழுவான். அழுகிற வேகத்திலும் தலை விழும். பட்டியோ மாறவே இல்லை. அப்போதுதான் அம்மாவோடு அந்தச் சண்டை.

அன்று பின்னேரம் சீனி இல்லாத விற்றமின் இருக்கிறதா என்று கேட்கப் பார்மசிக்குப் போனேன். கவுண்டரில் நின்ற தம்பி ஒவ்வொரு போத்தலாகத் திருப்பி லேபிளை வாசித்துக்கொண்டே, "அக்கா, மகன் குடிக்கிற மத்த மருந்தெல்லாம் என்ன மாதிரி?" என்று கேட்டார். பையில் வலிப்பு சிரப் போத்தல் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். உள்ளே மடித்திருந்த தாளை விரித்து விரல் வைத்துக் காட்டினார். 5 மில்லியில் 3 கிராமுக்கு மேல் சீனி. மகன் ஒரு நாளைக்குக் குடித்தது 15 மில்லி. 10 கிராமில் 9 கிராமுக்கு மேல் அந்தப் போத்தலிலிருந்தே போய்க்கொண்டிருந்தது. வெங்காயத்தைக்கூடத் தராசில் வைத்து நிறுத்த நான், மருந்தை நிறுக்கவில்லை. இரண்டு வைத்தியசாலைகளில் இத்தனை பேர் அந்த மருந்துக் கொப்பியைப் பார்த்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இங்கே ஒன்று. சீனி இருக்கிறதென்று வலிப்பு மருந்தை நீங்களாக நிறுத்தவே கூடாது. கிளினிக் டொக்டரிடம் காட்டினேன், அதே மருந்தைக் குளிசையாக மாற்றித் தந்தார். எல்லாக் குளிசையையும் நசுக்கிக் கொடுக்க முடியாது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பரசிட்டமோல் சிரப், இருமல் சிரப், கல்சியம் சப்பும் குளிசை, பல் தீட்டும் பிள்ளைகளின் பேஸ்ட், எல்லாவற்றின் லேபிளையும் பாருங்கள்.

மருந்து மாற்றி மூன்றாம் நாள் காலை பட்டி ஊதாவானது. அப்படியே கையில் பிடித்துக்கொண்டு குசினிக்கு ஓடினேன். அம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது. "நிறம் மாறிட்டா? அது காணும் புள்ள" என்றார்.

அடுத்த இரண்டு நாளும் மகன் சோர்ந்து கிடந்தான், ஒரு தடவை சத்தியும் எடுத்தான். உடம்பு பழகும் வரை இப்படி வரலாம், தண்ணீர் நிறையக் கொடுங்கள், மயக்கம் மாதிரி இருந்தால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று டொக்டர் முன்னமே சொல்லியிருந்தார். சொல்லாமல் விட்டிருந்தால் பயத்தில் அன்றைக்கே சோற்றைக் கொடுத்திருப்பேன்.

இனி அந்தப் பிட்டின் கதை.

சொதிக்குப் பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையை எங்கள் வீட்டில் கோழிக்குத்தான் போடுவோம். அம்மா அதை உதிர்த்துப் பிட்டுக் குழலில் போட்டு அவித்துப் பார்த்தார். தள்ளியதும் மணல் மாதிரிச் சரிந்தது. மகன் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். அடுத்த நாள் ஒரு முட்டை அடித்துப் பிசைந்தார். குழலிலிருந்து முழுதாக விழுந்தது. ஆனால் மஞ்சள். "இது பிட்டு இல்ல" என்றான். நான் சலித்துப்போனேன், அம்மா விடவில்லை. மூன்றாம் நாள் வெள்ளைக்கரு மட்டும், பிணைய அரைத் தேக்கரண்டி இசப்கோல் என்ற நார்ச்சத்து உமி, ஒரு சிட்டிகை உப்பு. விரல் நுனியால்தான் உதிர்த்தார், கட்டி விழ விடவில்லை. அதே மூங்கில் குழல், அதே தள்ளுகோல். ஆவி பறக்க வெள்ளை வெளேரென்று உருளையாகக் கோப்பையில் விழுந்தது. மகன் பக்கத்தில் வந்து குந்தினான். ஓரத்தை விரலால் தட்டிப் பார்த்தான். ஒரு துண்டு உடைந்தது, வாயில் வைத்தான். நாங்கள் இரண்டு பேரும் அவனைப் பார்க்காதது மாதிரி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பாதிக் குழலைத் தின்றுவிட்டு, "சீனி?" என்று கேட்டான். பட்டர் உருக்கிய கட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றினேன். அது இறங்கியது. டொக்டர் சொன்ன கொழுப்புக் கணக்கும் அதிலேயே வந்துவிட்டது.

அவனுக்கு ருசியில் அவ்வளவு பிரச்சினை இல்லை, வெள்ளையாகவும் பழகிய வடிவிலும் இருக்க வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. கோவாவை (முட்டைக்கோஸ்) மெல்லியதாகச் சீவி அவித்துச் "சோறு" ஆக்கினேன். தோல் உரித்த இறாலை மஞ்சள் போடாத சொதியில் விட்டேன். மீனென்று சொல்லவில்லை, இறால் என்றேன், அது உண்மையும்தானே. மஞ்சள்கருவை வீணாக்க வேண்டாம், சொதியில் அடித்து விடலாம், சூட்டில் திரையாமல் பார்த்துக்கொண்டால் சரி. அப்புறம் கறித்தூள். எங்கள் பக்கம் தூளுக்கு அரிசி வறுத்துப் போட்டு அரைப்பவர்கள் இருக்கிறார்கள், நாங்களே அப்படித்தான் அரைத்தோம். இவனுக்கென்று மல்லி, சீரகம், மிளகு மட்டும் வறுத்து வீட்டில் இடிக்கிறோம். கடைத் தேங்காய்ப்பால் மா, சூப் கட்டி, சொசேஜ் பக்கம் போகவே வேண்டாம், அவற்றில் மாச்சத்துச் சேர்ந்திருக்கலாம். மலச்சிக்கல் வரலாம், கீரையையும் தண்ணீரையும் விடாதீர்கள். தண்ணீர் குறைந்தால் சிறுநீரகக் கல்லும் வரலாம்.

சொந்தக்காரரைச் சமாளிப்பது சமையலைவிடக் கஷ்டம். "ஒரு வாய் சோறு திண்டா என்ன ஆகப்போகுது?" என்று கேட்காத ஆள் இல்லை. ஒரு வாயில் 4 கிராம் என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனேன். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு. அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி அன்று கோயில் முழுக்கப் புக்கை (பொங்கல்) வாசம். மகன் என் கையை இழுத்தபடியே நின்றான். அம்மா தன் பன்பையிலிருந்து வாழையிலைப் பொதியை எடுத்து விரித்தார், உள்ளே தேங்காய்ப் பிட்டு. "அம்மாளாச்சி உனக்கெண்டு வேறயாத் தந்தது மனே" என்றார். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் அதைக் கேட்டு இவனிடம் கை நீட்டினார்கள். அவன் கொடுக்கவில்லை.

நான்கு மாதம் முடிந்துவிட்டது. மகள் ஒரு கொப்பியில் கோடு போட்டுத் தந்தாள், ஒவ்வொரு விழுதலுக்கும் ஒரு புள்ளி. முதல் பக்கங்களில் கட்டம் கறுத்துப்போய் இருக்கிறது. இப்போது நாளைக்கு மூன்று, நான்கு புள்ளி. போன கிழமை இரண்டு நாள் வெறும் கட்டம். நெற்றியில் புதுக் காயம் இல்லை.

இந்த மாதக் கிளினிக்கில் 10 கிராமை 15 ஆக்கினார்கள். கூடுதலாகக் கிடைத்த 5 கிராமுக்கு என்ன வேண்டும் என்று மகனிடமே கேட்டேன். வாழைப்பழம் என்றான். தராசில் வைத்தேன், 25 கிராம். மெல்லிய ஆறு வட்டமாக வெட்டிப் பிட்டின் மேல் வரிசையாக அடுக்கினேன். முதலில் பிட்டைத் தின்று முடித்தான். பிறகு ஒவ்வொரு வட்டமாக எடுத்து, ஐந்தை அவன் தின்றான், ஒன்றை அம்மம்மாவின் வாயில் வைத்தான்.