அக்கா காதில் விழுந்த லில்லி

அக்காவுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்ததும், மூன்று வாரத்துக்கு எதையும் படிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். புத்தகம் இல்லாமல் ஒரு நாள்கூட இருக்க முடியாதவள் அவள். சரி, தினமும் ராத்திரி ஒரு கவிதையை வாசித்து, போனில் பதிவு செய்து அனுப்புகிறேன் என்றேன். "நீ எப்பவும் சொல்லுவியே, அந்த ரொசெட்டி, அவங்களைப் படி" என்றாள்.

கிறிஸ்டினா ரொசெட்டி 1830-இல் லண்டனில் பிறந்தவர். அப்பா இத்தாலியை விட்டு அரசியல் காரணத்தால் வெளியேறி வந்தவர். அண்ணன் டான்டே கேப்ரியல் ஓவியராகவும் கவிஞராகவும் பெயர் வாங்கியவர். கிறிஸ்டினாவின் கவிதைகளைக் கல்லூரி நாளிலிருந்து படித்து வருகிறேன். ஆனால் இத்தனை வருடமும் கண்ணால் மட்டும்தான் படித்திருக்கிறேன் என்பது முதல் பதிவிலேயே தெரிந்துவிட்டது.

லாரா, லிஸி என்ற இரண்டு சகோதரிகளின் கதை என்பதால் 'காப்ளின் மார்க்கெட்'டில் ஆரம்பித்தேன். 1862-இல் வந்த முதல் பெரிய தொகுப்பின் தலைப்புக் கவிதை அது. 567 வரி. இரண்டு ராத்திரியாகப் பிரித்துக்கொண்டேன். காட்டோரம் குட்டிப் பூதங்கள் பழம் விற்கின்றன: "வாங்க வாங்க, வந்து வாங்க!" ஆப்பிள், எலுமிச்சை, ஆரஞ்சு, செர்ரி, பீச் என்று பட்டியல் மூச்சு விடாமல் போகிறது. கண்ணால் படிக்கும்போது நான் தாண்டிப் போய்விடும் பகுதி இது. வாய்விட்டுப் படித்தால் தாண்ட முடியாது. நாக்கு தானாகவே வேகம் பிடிக்கிறது, கூவி விற்கிறவர்களின் ஓட்டம் அப்படியே வாயில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. லாரா ஏன் அங்கே நின்றாள் என்று விளக்கவே வேண்டாம். படிக்கிறவர்களின் வாயும் அதற்குள் பழங்களின் பிடியில்தான் இருக்கிறது.

அந்தக் காலத்துக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் இந்தக் கவிதைகளைக் கையெழுத்துப் பிரதியிலேயே பார்த்துவிட்டு, யாப்பு ஒழுங்காக இல்லை, முதலில் சாதாரணமான, கறாரான சந்தத்தில் இவர் பயிற்சி செய்யட்டும் என்று அண்ணனுக்கு எழுதினார். எனக்கு அந்தக் கருத்து ஒப்பவே இல்லை. வரிகள் குட்டையாகி, நீண்டு, திடீரென்று நொண்டும் இடங்களில்தான் கவிதைக்கு உயிரே இருக்கிறது.

மறுநாள் அக்கா போன் செய்தாள். "ஒண்ணு கேக்கணும். லாராவுக்கும் லிஸிக்கும் ஒரே பூவைச் சொன்ன மாதிரி இருந்துதே, லில்லியா?"

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஆமாம்.

பழக்காரர்களின் குரல் கேட்டு லாரா கழுத்தை நீட்டிப் பார்க்கும் இடத்தில் நான்கு உவமைகள் வருகின்றன. கோரைக்கு நடுவே இருக்கும் அன்னம் போல, ஓடையோர லில்லி போல, நிலா வெளிச்சத்தில் பாப்லர் மரக்கிளை போல, கடைசிக் கட்டும் அவிழ்ந்து நீரில் இறங்கும் கப்பல் போல. முதல் மூன்றையும் அழகுக்காகச் சொன்னது என்றுதான் நினைப்போம். நான்காவது வந்ததும் அவள் போய்விட்டாள், இனி யாரும் பிடித்து நிறுத்த முடியாது.

அப்புறம் நூற்றுக்கணக்கான வரிகள் தாண்டி லிஸி. தன் கூந்தலில் ஒரு சுருளை விலையாகக் கொடுத்துப் பழம் தின்ற லாரா நோயில் வாடுகிறாள். அவளைக் காப்பாற்ற லிஸி வெள்ளிக்காசோடு போகிறாள். பூதங்கள் அவள் வாயில் பழத்தைத் திணிக்கப் பார்க்கின்றன. அவள் உதட்டைத் திறக்கவில்லை. அங்கே மறுபடியும் 'போல, போல' என்று அடுக்குகிறார்: வெள்ளத்தில் நிற்கும் லில்லி போல, அலை அறையும் பாறை போல, கொந்தளிக்கும் கடலில் தனியாக எரியும் விளக்கு போல, குளவியும் தேனீயும் மொய்க்கும் ஆரஞ்சு மரம் போல, கப்பல்கள் முற்றுகையிட்ட நகரம் போல.

லாராவின் உவமைகள் கப்பலில் முடிந்தன. லிஸியின் உவமைகளில் கப்பல்கள் எதிரிப் பக்கம் நிற்கின்றன, அவள் நகரமாக இருக்கிறாள். லில்லி அதே லில்லிதான். ஓடை வெள்ளமாகிவிட்டது. ஒரே பூவை இரண்டு பேருக்கும் கொடுத்ததால், இவள் வேறு குணம், அவள் வேறு குணம் என்று சுலபமாகப் பிரித்துவிட முடிவதில்லை. கையெழுத்துப் பிரதியில் இந்தக் கவிதையைத் தன் அக்கா மரியாவுக்கு என்று கிறிஸ்டினா எழுதி வைத்திருந்தார். அதை அக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை அவள்.

இதே 'போல'வை 'எ பர்த்டே' என்ற கவிதையில் வேறு மாதிரி கையாள்கிறார். என் மனசு பாடும் பறவை போல, பழம் தாங்கிக் கிளை வளைந்த ஆப்பிள் மரம் போல, கடலில் மிதக்கும் வானவில் சிப்பி போல என்று மூன்று தரம் சொல்லிவிட்டு, நான்காம் தரம் இவை எல்லாவற்றையும்விட மகிழ்ச்சி என்று உவமையையே கைவிட்டுவிடுகிறார். அதை வாசிக்கும்போது ஒவ்வொரு முறையும் என் குரல் உயர்ந்துவிடுகிறது.

பள்ளியில் சொற்பொருள் பின்வருநிலையணி என்று படித்திருப்போம். வந்த சொல்லே அதே பொருளில் திரும்பத் திரும்ப வருவது. அவருடைய கிறிஸ்துமஸ் பாடலில் பனி பெய்தது, பனிமேல் பனி, பனிமேல் பனி என்று ஐந்து தடவை 'ஸ்னோ' வரும். சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், பனி அடுக்கடுக்காக விழுவது கேட்கும்.

கடைசி வாரம் 'ரிமெம்பர்' படித்தேன். 1849-இல், 18 வயதில் எழுதிய 14 வரிக் கவிதை. நான் போன பிறகு என்னை நினைத்துக்கொள் என்று ஆரம்பிக்கும். எனக்கு மனப்பாடம். புத்தகத்தைத் திறக்காமலே சொல்லிப் பதிவு செய்து, அனுப்புவதற்கு முன்னால் ஒரு முறை வரி வரியாகப் புத்தகத்தோடு ஒப்பிட்டுக் கேட்டேன். பத்தாவது வரியில் புத்தகத்தில் இல்லாத ஒரு சொல்லை நான் சேர்த்திருந்தேன்: 'மீ'. என்னை.

முதல் எட்டு வரியில் மூன்று தடவை 'ரிமெம்பர் மீ' வருகிறது. மூன்றும் கட்டளை, மூன்றிலும் 'என்னை' உண்டு. ஒன்பதாவது வரி 'ஆனாலும்' என்று திரும்புகிறது: கொஞ்ச காலம் நீ என்னை மறந்துபோய், அப்புறம் நினைவு வந்தால் வருந்தாதே. அந்த இடத்திலிருந்து 'ரிமெம்பர்' இரண்டு தடவை வருகிறது. இரண்டிலும் 'மீ' இல்லை. நினைத்து வருந்துவதைவிட மறந்து சிரிப்பது மேல் என்று முடியும் வரியில், யாரை நினைக்க, யாரை மறக்க என்ற சொல்லே இல்லை. நினைத்துக்கொள் என்று கேட்டவள் சத்தமில்லாமல் வாக்கியத்தை விட்டு எழுந்து போயிருக்கிறாள். இருபது வருடமாக அவளை நான் அங்கேயே பிடித்து உட்கார வைத்திருந்திருக்கிறேன்.

பதிவை அழித்துவிட்டு, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். பத்தாவது வரியில் 'ரிமெம்பர்' என்றதும் நாக்கு அந்தச் சொல்லுக்காகத் தயாராக நின்றது. கொஞ்சம் இடைவெளி விட்டு அடுத்ததைப் படித்தேன். அந்த இடைவெளியோடேயே அக்காவுக்கு அனுப்பிவிட்டேன்.